விமான நிறுவனங்கள் இணையும்போது பழைய ஊதிய ஒப்பந்தமும் பணிமூப்பும் என்ன ஆகும்?

கேள்வி: லைன்_மெயின்டனன்ஸ்

அனைவருக்கும் வணக்கம். சென்னை விமான நிலையத்தில் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாகப் பணியாற்றுகிறேன். எங்கள் நிறுவனத்தை அதைவிடப் பெரிய இன்னொரு நிறுவனத்துடன் இணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டு, அதற்கான அனுமதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. பெயர்களை எழுத விரும்பவில்லை. அவை இல்லாமலே என் சிக்கலைச் சொல்லிவிட முடியும்.

எங்களுக்குப் பதிவுபெற்ற தொழிற்சங்கம் ஒன்று இருக்கிறது. நிர்வாகத்துடன் அது கையெழுத்திட்ட ஊதிய ஒப்பந்தம் அடுத்த ஆண்டு வரை நடப்பில் இருக்கும். எங்களை எடுத்துக்கொள்ளும் நிறுவனத்திலும் ஒரு சங்கம் உண்டு. அதற்கு மும்பையிலும் டெல்லியிலும் உறுப்பினர்கள் அதிகம், சென்னையில் பெயரளவுக்குத்தான். அவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் எங்களைவிடக் கூடுதல். இரவுப்பணிப் படியும் விடுமுறை நாள் ஊதியமும் எங்களுக்குக் கூடுதல்.

மனிதவளத் துறையினர் கூட்டிய கூட்டத்தில், யாருடைய கைக்கு வரும் சம்பளமும் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று உறுதி கூறினார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அதே கூட்டத்தில் திரையில் காட்டிய பதவிப் பொருத்த அட்டவணையில், எங்களுடைய 'சீனியர் டெக்னீஷியன்' அவர்களுடைய 'டெக்னீஷியன்' என்ற கட்டத்துக்கு நேராக இருந்தது. அவர்களிடம் பெரிய ரக விமானங்கள் இருக்கின்றன, எங்களிடம் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் பிரிவில் எந்த ஷிப்ட், தீபாவளிக்கு யாருக்கு விடுப்பு, புதிய ரக விமானத்துக்கான பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் பணிமூப்பைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. ஆகையால் அந்த அட்டவணைதான் என்னை உறுத்துகிறது.

இப்போது நடப்பிலுள்ள எங்கள் ஒப்பந்தம் புதிய நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துமா? பணிமூப்பு வேலையில் சேர்ந்த தேதியின்படி அமையுமா, அல்லது அவர்கள் போடும் கணக்கின்படியா? இரண்டு சங்கங்களும் சேர்ந்து பேசுவது நல்லதா, எங்கள் சங்கம் இணைப்புக்கு முன்பே தனியாகப் பேசி முடித்துக்கொள்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய_செயலாளர்

தம்பிக்கு வணக்கம். நான் விமானத் துறைக்கு வெளியே, ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்த காலத்தில் இரு பக்கத்துச் சங்கத்தாரையும் கூட்டமைப்புக் கூட்டங்களில் சந்தித்துப் பேசியிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நம் நாட்டில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

2007 ஆகஸ்ட் 27 அன்று அந்த இரு அரசு நிறுவனங்களும் 'நேஷனல் ஏவியேஷன் கம்பெனி ஆஃப் இந்தியா லிமிடெட்' என்ற ஒரே நிறுவனமாயின. பெயர்ப் பலகை மாறியது, விமானங்களின் வண்ணம் மாறியது, ஆனால் ஊழியர்கள் இணைக்கப்படவில்லை. ஏர் இந்தியா விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு, இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன் என்று சங்கங்கள் தனித்தனியாகவே தொடர்ந்தன. சம்பள விகிதம், பதவி உயர்வு, பறக்கும் நேரத்துக்கான படி ஆகிய எல்லாமும் இரண்டு வகை. முதலில் நிறுவனங்கள் இணையட்டும், ஊழியர் விவகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அரசு நினைத்தது. அந்தப் 'பிறகு' எவ்வளவு காலம் நீண்டது என்பதைப் பாருங்கள்.

2011 ஏப்ரல் கடைசியில் இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்யும் எங்களுக்கு ஏன் ஏர் இந்தியா விமானிகளுக்குச் சமமான ஊதியம் இல்லை என்பது அவர்களுடைய முக்கியக் கேள்வி. விமானியின் சம்பளத்தில் அடிப்படை ஊதியம் சிறு பகுதிதான். பறந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் படிதான் பெரும்பகுதி. ஆகவே எத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதமாகப் பணம் தருவது என்ற ஒரு வரி மாறினாலே மாத வருமானம் லட்சக் கணக்கில் மாறும். பத்து நாள் நடந்த அந்தப் போராட்டத்தில் சங்கத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது, சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. கடைசியில் அரசு இறங்கி வந்து பேசியது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் அமைத்த குழு 2012 ஜனவரியில்தான் அறிக்கை தந்தது. இணைப்பு நடந்து நாலரை ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதோடு முடியவில்லை. 2012 மே மாதம் மறுபக்கத்தார் இறங்கினார்கள். இம்முறை சம்பளத்தைவிடப் பெரிய பிரச்சினை, போயிங் 787 விமானத்துக்கு யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பது. அந்த 27 விமானங்களும் இணைப்புக்கு முன் ஏர் இந்தியா தனியாக வாங்க முடிவு செய்தவை. அவை வந்தால் நாம் கமாண்டர் (தலைமை விமானி) ஆவோம் என்று காத்திருந்த ஏர் இந்தியாவின் துணை விமானிகளுக்கு, அந்த இடத்தில் பாதியை இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்புக்குத் தருவதை ஏற்க முடியவில்லை. ஒரே நிறுவனம் என்றால் ஒரே விமானம்தானே என்றார்கள் மற்றவர்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது என்பதே அந்தச் சண்டையின் கொடுமை. 58 நாட்கள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் வேலை இழந்து, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரு சங்கம் தெருவில் நின்றபோது இன்னொரு சங்கத்தின் உறுப்பினர்கள் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2011இல் ஒரு பக்கம், 2012இல் மறுபக்கம். இரண்டு போராட்டங்களும் ஒரே கோரிக்கைப் பட்டியலின் கீழ் ஒரே சமயத்தில் நடந்திருந்தால் நிர்வாகம் இரண்டாவது நாளே மேசைக்கு வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: இணைப்புத் தேதிக்கு முன்பே பேசுங்கள், ஆனால் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளாதீர்கள். சம்பளத்தைப் பிறகு பேசினாலும் வாங்கிவிடலாம், நிலுவைத் தொகையோடுகூட வாங்கலாம். பணிமூப்புப் பட்டியலில் ஒருமுறை கீழே போய்விட்டால் நிலுவை என்று எதையும் கேட்க முடியாது. நீங்கள் மேலே ஏற வேண்டுமானால் இன்னொரு தொழிலாளியைக் கீழே இறக்க வேண்டும். அதற்கு எந்தச் சங்கம் ஒப்புக்கொள்ளும்?

பதில் 2: தொழிலாளர்_வழக்கு

மேலே உள்ள பதிலின் வரலாறு சரியானது. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். சென்னையில் தொழிலாளர் வழக்குகளை நடத்துபவன். இது பொதுவான விளக்கமே தவிர, உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் சொல்லும் முடிவான கருத்து அன்று.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தின் தலைப்பைப் பாருங்கள். அது 12(3) ஒப்பந்தமா, 18(1) ஒப்பந்தமா? தொழிற்தகராறுச் சட்டம் 1947இன்படி, சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தானது 12(3). நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிக் கையெழுத்திட்டது 18(1). இந்த வேறுபாட்டைப் பலர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். 12(3) ஒப்பந்தமோ அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் வேலைக்குச் சேருவோரையும், அதைவிட முக்கியமாக முதலாளியின் வாரிசுகளையும் அவருக்குப் பின் உரிமை பெறுவோரையும் கட்டுப்படுத்தும் என்று 18(3) பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இணைப்பில் உங்கள் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் அந்த இடத்தில்தான் வருகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அதை முடிவுக்குக் கொண்டுவரும் வரை அது நீடிக்கும்.

2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன அடிப்படை விதிகள் அதிலும் தொடர்கின்றன; பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆனால் உங்கள் நிலைமைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பெரிய மாற்றம் உண்டு. வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே இனி தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எந்தச் சங்கமும் இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும். இன்று உங்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் சங்கம் பெரும்பான்மையாக இருக்கலாம். இணைப்புக்கு மறுநாள் பதிவேடு ஒன்றாகிவிடும்; அப்போது நீங்கள் 20 விழுக்காட்டைத் தாண்டுவீர்களா என்பதை இப்போதே எண்ணிப் பாருங்கள். தாண்டமாட்டீர்கள் என்றால், பழைய_செயலாளர் ஐயா சொன்ன கூட்டு முயற்சி உங்களுக்கு விருப்பத் தேர்வு அன்று, கட்டாயம்.

பணிமூப்பு பற்றி: ஒரு நிறுவனம் கைமாறும்போது தொழிலாளியின் பணித் தொடர்ச்சி அறுபடக் கூடாது, பணி நிபந்தனைகள் முன்பைவிடக் குறைவாக இருக்கக் கூடாது, பிற்காலத்தில் ஆட்குறைப்பு செய்தால் பழைய பணிக்காலத்தையும் சேர்த்து இழப்பீடு தர வேண்டும் என்பவை பழைய சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு விதித்த நிபந்தனைகள், புதிய தொகுப்பிலும் அவற்றைக் காணலாம். பணித் தொடர்ச்சி என்பது பணிக்கொடைக்கும் இழப்பீட்டுக்கும் உங்களைக் காக்கும். இரண்டு பட்டியல்களை எப்படிக் கோப்பது என்பதற்குச் சட்டத்தில் வாய்ப்பாடு எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பேச்சுவார்த்தையின் பொருள்.

நிறுவனச் சட்டம் 2013இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின் கீழ் இணைப்புத் திட்டம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குப் போகும். அந்தத் திட்டத்தில் ஊழியர்களைப் பற்றி ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். அதன் நகலை வாங்கிப் படியுங்கள். டாட்டா ஆயில் மில்ஸ் நிறுவனம் ஹிந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது ஊழியர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1994இல் சங்கத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது உண்மை. ஆனால் தொழிலாளர் நலன் காக்கப்பட்டிருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தது. இணைப்பையே நிறுத்த முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பத்தியில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வைப்பது மட்டுமே நடைமுறையில் எட்டக்கூடிய இலக்கு.

விமானப் போக்குவரத்துக்கு உரிய அரசு மத்திய அரசு. ஆகவே மாநிலத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதி மாதங்களை வீணாக்காமல், சாஸ்திரி பவனிலுள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறான அலுவலகத்தில் தொடங்கிய வழக்குகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பதில் 3: டல்லாஸ்_ஹேங்கர்

நான் அமெரிக்காவில் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். இங்கே விமான நிறுவன இணைப்புகள் அடிக்கடி நடப்பதால், பணிமூப்புச் சண்டைகளுக்குத் தனி வரலாறே உண்டு. அங்கே பயன்படக்கூடிய இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ.வின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் புதிய பட்டியலின் கடைசியில் சேர்க்கப்பட்டார்கள். முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவரும் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே. அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு தொடங்கியது. பட்டியலின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டே வந்ததால் 2003 நடுவில் அவர்களில் ஒருவர்கூட வேலையில் இல்லை. இத்தனைக்கும் அவர்களைக் கடைசியில் வைத்ததில் பெரும் பங்கு அமெரிக்கன் ஊழியர்களின் சங்கத்துடையது. டி.டபிள்யூ.ஏ.வின் மையம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். அந்த மாநிலத்தின் இரு செனட்டர்களான மெக்காஸ்கிலும் பாண்டும் கட்சி வேறுபாட்டைக் கடந்து கொண்டுவந்த சட்டம் 2007 இறுதியில் நிறைவேறியது. இப்போது விமான நிறுவனங்கள் இணையும்போது பணிமூப்பு நியாயமான முறையில் இணைக்கப்பட வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர்_வழக்கு அவர்கள் சொன்ன அந்த வெற்றிடத்தை இங்கே இப்படித்தான் நிரப்பினார்கள்.

வேலையில் சேர்ந்த தேதிதானே நியாயம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அது எப்போதும் அவ்வளவு எளிதன்று. 2005இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. முன்னது பழைய நிறுவனம். அதன் விமானிகள் பெரும்பாலோர் மூத்தவர்கள், ஆனால் திவால் நடவடிக்கைகளால் சுமார் 1,700 பேர் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். பின்னது இளைய நிறுவனம்; அங்கே எல்லோருக்கும் வேலை இருந்தது. சேர்ந்த தேதியை வைத்தால், வீட்டிலிருந்த 17 ஆண்டுப் பணிமூப்புள்ள விமானி திரும்பி வந்து, பறந்துகொண்டிருக்கும் இளைய விமானியை வெளியே தள்ளிவிடுவார். நடுவர் ஜார்ஜ் நிகோலாவ் 2007 மே மாதம் தந்த தீர்ப்பில், யு.எஸ். ஏர்வேஸின் மிக மூத்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரை உச்சியில் வைத்தார். வேலையின்றி இருந்தவர்களை அடியில் வைத்தார். இடையில் இருந்தவர்களை, அவரவர் தம் பழைய பட்டியலில் எந்த உயரத்தில் இருந்தாரோ அதே விகிதத்தில் கோத்தார். இணைப்புக்குள் நீ எந்த வேலையைக் கொண்டுவந்தாய் என்பதே அவருடைய அளவுகோல்.

யு.எஸ். ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்கவில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் பெரும்பான்மை. ஆகவே 2008இல் வாக்கெடுப்பு நடத்தி, இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த சங்கத்தையே நீக்கிவிட்டுப் புதிய சங்கத்தைக் கொண்டுவந்தார்கள். வழக்கு மேல் வழக்கு. பொது ஒப்பந்தம் வராததால் திவால் காலத்துக் குறைந்த சம்பளத்தையே யு.எஸ். ஏர்வேஸ் விமானிகள் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2013இல் அமெரிக்கன் நிறுவனத்துடன் அடுத்த இணைப்பு வந்தபோதும் பழைய சண்டை தீர்ந்திருக்கவில்லை. 2016இல்தான் மூன்று தரப்பையும் சேர்த்த பட்டியல் வந்தது. நிர்வாகம் இதில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை.

எதிர்மாறான உதாரணம் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும். 2008இல் இணைப்பு நிறைவேறும் முன்பே இரு தரப்பு விமானிகளும் பொது ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். நிறுவனத்தின் பங்குகளிலும் ஒரு பகுதியைப் பெற்றார்கள். பணிமூப்புப் பட்டியலை நடுவர் குழு டிசம்பரிலேயே தந்துவிட்டது. இணைப்பு விரைவாக நடக்க வேண்டும் என்ற அவசரம் நிர்வாகத்துக்கு இருந்தபோது அவர்கள் பேசினார்கள் என்பதுதான் காரணம். யுனைட்டெடும் கான்டினென்டலும் 2010இல் இணைந்தன. அவற்றின் கேபின் பணியாளர்களுக்குப் பொது ஒப்பந்தம் வர 2016 ஆயிற்று, இரு தரப்பினரும் ஒரே விமானத்தில் சேர்ந்து வேலை பார்க்க 2018 ஆயிற்று.

இன்னொன்று. 2014இல் அமெரிக்கன் நிறுவனத்தின் கேபின் பணியாளர்கள், இணைப்புக்குப் பிந்தைய பொது ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் வெறும் 16 வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். நிராகரித்தால் விஷயம் நடுவரிடம் போகும், அங்கே கிடைக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு என்று முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அதனால் நிராகரித்தபின் நடுவரிடம் கிடைக்கக்கூடிய தொகை மேசையில் இருந்ததைவிடக் குறைவு. உங்கள் சங்கம் எந்த முன்னுடன்பாட்டில் கையெழுத்திட்டாலும், பேச்சுவார்த்தை முறிந்தால் என்ன நடக்கும் என்ற பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

பதில் 4: முன்னாள்_பணியாளர்துறை

நான் மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவன் என்பதால் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

இணைப்புக்கு முன்பே பேசுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தடை இருப்பதை யாரும் சொல்லவில்லை. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் கிடைக்கும் வரை இரு நிறுவனங்களும் சட்டப்படி போட்டியாளர்கள். இணைந்துவிட்டதுபோல நடந்துகொள்ளக் கூடாது, சம்பள விவரம் போன்றவற்றைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளவும் கூடாது. ஆகவே அந்தக் கட்டத்தில் எங்களால் முடியாது என்று மனிதவளத் துறை சொன்னால் அது எப்போதும் சாக்காக இருக்காது. உங்கள் இரு சங்கங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு அந்தத் தடை இல்லை.

உண்மையான சாளரம், போட்டி ஆணையத்தின் ஒப்புதலுக்கும் சட்டப்படியான இணைப்பு நாளுக்கும் இடையில் இருக்கிறது. விஸ்தாராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணையத்தின் ஒப்புதல் 2023 செப்டம்பரில். ஏர் இந்தியாவுடன் இணைந்தது 2024 நவம்பர் 12. அந்த இடைவெளியில்தான் விமானிகளுக்குப் புதிய ஊதிய ஒப்பந்தம் அனுப்பப்பட்டது. மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த நிலையான ஊதியம் அதில் 40 மணி நேரத்துக்கு என்று குறைக்கப்பட்டது. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பெருமளவில் உடல்நலக் குறைவென்று விடுப்பு எடுத்ததாகச் செய்திகள் வந்தன. விமானங்கள் ரத்தாகி, நிறுவனம் தன் சேவையில் சுமார் பத்து விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டது. அடுத்த மாதமே, ஏர் ஏஷியா இந்தியாவுடன் இணைப்பை எதிர்நோக்கியிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கேபின் பணியாளர்கள் அதே வழியில் இறங்கினார்கள். இருபத்தைந்து பேர் நீக்கப்பட்டு, டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி, இரண்டு நாளில் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அங்கே பதிவுபெற்ற சங்கம் இருந்தது, சமரச மேசையும் உடனே கூடியது என்பதைக் கவனியுங்கள்.

பேச்சுவார்த்தை எங்கே உடைகிறது என்று கேட்டால், இரண்டு நிறுவனங்களில் எது கூடுதலோ அதை எல்லோருக்கும் தாருங்கள் என்ற கோரிக்கையில்தான் என்பேன். அவர்களுடைய அடிப்படைச் சம்பளமும் உங்களுடைய படிகளும் சேர்த்து வேண்டும் என்பீர்கள். சங்கத்துக்கு அது இயல்பு. ஆனால் இணைப்பால் இத்தனை கோடி மிச்சம் என்று இயக்குநர் குழுவுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரிக்கு அந்தக் கணக்கே ஆட்டம் காணும். கோரிக்கையை வைக்கும்போதே அதன் ஆண்டுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொண்டுவரும் சங்கத்தை நிர்வாகம் மதிக்கும். பதவிப் பொருத்தத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் மிகக் குறைவு. முதலில் அதைக் கேளுங்கள் என்பது என் யோசனை.

கேள்வியாளர்: லைன்_மெயின்டனன்ஸ்

ஒவ்வொருவருக்கும் நன்றி. எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், அது 18(1). சங்க நிர்வாகிகளுக்கே அதன் பொருள் தெரிந்திருக்கவில்லை.

இன்னும் இரண்டு செய்திகளைக் கேட்க வேண்டும். நேற்று எங்கள் பிரிவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. புதிய பதவிப் பெயரையும் புதிய நிபந்தனைகளையும் ஏற்றுக்கொள்வதாக இணையத்திலேயே ஒப்புதல் அளிக்க வேண்டும், பத்து நாள் கெடு. சிலர் அப்போதே அழுத்திவிட்டார்கள். நாங்கள் என்ன செய்வது? அடுத்து, விஸ்தாராவைப் போலக் கூட்டாக விடுப்பு எடுக்கலாம் என்று இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது சரியா?

பதில் 5: தொழிலாளர்_வழக்கு

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். கூட்டு விடுப்பு வேண்டாம். புதிய தொகுப்பின்படி, ஒரு நாளில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் திட்டமிட்டுத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவே வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் இறங்கக் கூடாது. இந்த விதியைத் தெரியாமல் இறங்கினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆகிவிடுவீர்கள். விவாதம் பதவிப் பொருத்தத்தை விட்டு ஒழுங்கு நடவடிக்கைக்குப் போய்விடும்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, அழுத்திவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். சங்கத்துடன் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது தனித்தனியாகப் பெற்ற ஒப்புதலை எதிர்த்து வாதிட இடமுண்டு. அழுத்தாதவர்கள் அழுத்தாமலும் பேசாமலும் இருந்துவிடக் கூடாது. கெடு முடிவதற்குள், பணித் தொடர்ச்சியையும் பணி மாற்றத்தையும் ஏற்கிறேன், பதவிப் பொருத்தத்தை ஏற்கவில்லை, அது சங்கத்தின் கோரிக்கையில் இருக்கிறது என்று ஒரே வாசகத்தில் ஒவ்வொருவரும் பதில் அனுப்புங்கள். நகலைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். ஊதியம், வேலை நேரம், தரநிலை போன்றவற்றில் மாற்றம் செய்ய முதலாளி 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. பத்து நாள் கெடு கொடுத்திருப்பதே உங்களுக்கு ஒரு வாதம்.

அதே வாரத்தில் சங்கம் கோரிக்கை மனுவை நிர்வாகத்துக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும் கொடுத்து, தகராறைச் சமரசத்துக்கு எடுத்துக்கொள்ளக் கோர வேண்டும். சமரசத்தில் முடியும் உடன்பாடு 12(3) ஒப்பந்தத்துக்குரிய வலிமையைப் பெறும். உங்களிடம் இப்போது இல்லாதது அதுதான். மனுவில் மும்பைச் சங்கத்தின் கையெழுத்தும் இருந்தால் நல்லது. அவர்கள் கையெழுத்திட மறுத்தால், அவர்களுடைய டெக்னீஷியன்களில் எத்தனை பேர் அந்தப் பதவிப் பொருத்த அட்டவணையால் மேலே போகிறார்கள், எத்தனை பேருக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்து அவர்களிடமே காட்டுங்கள். மாற்றம் இல்லாதவர்கள்தான் பெரும்பான்மையாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மனுவின் வரைவைத் தயாரித்ததும் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.